உதறாதவள்

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் பெயர், அவள் புருஷன் பெயர், மூக்குத்தி எந்தப் பக்கம் போட்டிருந்தாள் என்பது வரை எனக்குத் தெரியும். ஒருமுறை போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் அவள் முன்னால் நின்றுகொண்டு பெயரைக் கேட்டார். "மல்லாட்டக்காரி" என்றாள். அது தொழில், பேரைச் சொல்லு என்றார். "எழுதிக்கத்தான கேக்கறீங்க? அதுக்கு இது போதும்" என்றாள். போலீசுக்கே கொடுக்காத பெயரை நான் எடுத்து ஊருக்குக் கொடுப்பதாக இல்லை.

எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். எழுபதுகளில் திருவண்ணாமலையில் கோயிலுக்கு அடுத்தபடியாக ஜனம் சேர்ந்த இடம் மல்லாட்டை மண்டிகள்தான். கோபுரம் பார்க்க வந்தவர்களுக்கு அது தெரியாது. போளூர் ரோட்டில் இருந்த ஒரு மண்டியில் நாங்கள் முப்பது நாற்பது பெண்கள் வேலை பார்த்தோம். மெஷினில் உடைபட்டு வரும் பருப்பை முறத்தில் புடைத்து, சொத்தையையும் கல்லையும் பொறுக்கிப் போடுவது வேலை. நான் வேங்கிக்காலிலிருந்து போவேன். அப்போது அங்கே ஆபீசும் கிடையாது, நகரும் கிடையாது; ஏரியும் வயலும்தான். அக்கா அடி அண்ணாமலையிலிருந்து மலையை ஒட்டி நடந்து வருவாள். காலையில் ஒரு பக்கமாக வந்து சாயங்காலம் மறுபக்கமாகத் திரும்புவாள். "எனக்கு எதுக்குடி பௌர்ணமி? தினத்துக்கும் ஒரு சுத்து முடிஞ்சிடுது. என்னைப் பாத்துப் பாத்து சாமிக்கே சலிச்சிருக்கும்" என்பாள்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் மணி அடிப்பார்கள். அதற்குப் பிறகு நடப்பதற்கு உதறல் என்று பெயர். கேட்டுக்குப் பக்கத்தில் மேஸ்திரி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான். ஒவ்வொருத்தியாக அவன் முன்னால் போய் நின்று, மடியை அவிழ்த்து, முந்தானையை உதறி, கொண்டையைப் பிரித்து ஆட்டிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். பருப்பு ஏதாவது உதிர்கிறதா என்று அவன் தரையைப் பார்ப்பான். தரையை மட்டும்தான் பார்த்தான் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களுக்கு அது எவ்வளவு பழகிப்போயிருந்தது என்றால், வழியில் பார்க்கும் பெண்ணிடம் வேலை முடிந்ததா என்று கேட்பதற்குப் பதிலாக "உதறியாச்சா?" என்றுதான் கேட்போம்.

திருடினோமா என்று கேட்டால், திருடினோம். வாயில் அடக்கிக்கொண்டு வருவோம். கன்னத்தில் பருப்பை ஒதுக்கி, மேஸ்திரி கேட்பதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்து, ரோட்டு முனையில் காத்திருக்கும் பிள்ளையின் கையில் அதைத் துப்பிக் கொடுத்த தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்கப் பருப்புக்கு நடுவில் உட்கார்ந்தவள் பிள்ளைக்கு ஒரு வாய் எடுத்துப்போனது தப்பு என்று சொல்கிறவர்கள் இதை இத்தோடு மூடி வைத்துவிடலாம், எனக்கு வருத்தமில்லை. அக்கா மட்டும் அப்படி எடுத்ததில்லை. முதலாளி எதிரில் வந்து நிற்கும்போதே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு நறநறவென்று மெல்லுவாள். யாராவது தொடையில் கிள்ளினால், "ஒளிச்சு வெச்சாத்தான்டி நான் திருடி. கண்ணு முன்னால தின்னா நான் பசிக்காரி, அவ்ளோதான்" என்பாள். முதலாளி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஆள் பெரிய உருவம். இரண்டு ஆண்கள் கைகொடுத்துத் தூக்கும் மூட்டையை அவள் தனியாக இழுத்துச் சுவரில் சாத்துவாள். கை ஒவ்வொன்றும் முறம் அகலம் என்று கேலி செய்வோம். அந்தக் கைகளை அவள் என்ன செய்தாள் என்பதுதான் விஷயம். கோபம் வந்தால் இரண்டையும் குறுக்கே மடக்கி, விரல்களை அக்குளுக்குள் செருகிக்கொள்வாள். மார்கழிக் குளிரில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நிற்பார்களே, அப்படி. அக்கா கையை உள்ளே விட்டுவிட்டாள் என்றால் மண்டியே அடங்கிப்போகும். இனி அவள் நகரப்போவதில்லை, வாயை மூடப்போவதும் இல்லை என்று அர்த்தம்.

தராசுக்காரன் ஒருவன் எங்களில் வயசான ஒருத்தியைக் காதில் வாங்க முடியாத வார்த்தையால் திட்டிவிட்டான். அக்கா கையைச் செருகிக்கொண்டு தராசுக்கு முன்னால் போய் நின்றாள். அவன் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனான். இவளும் போனாள். ஒரு மூட்டையைக்கூட அவனால் தட்டில் வைக்க முடியவில்லை. "தள்ளிக்கோம்மா" என்றான். "தள்ளு. தொட்டுத் தள்ளு. உன்னால முடிஞ்சா தள்ளு" என்றாள். வண்டிகள் வாசலில் வரிசை கட்டி, வண்டிக்காரர்கள் கத்த ஆரம்பித்த பிறகு அவன் அந்த அம்மாவிடம் போய், "தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோ" என்றான். அக்கா கையை வெளியே எடுத்துக்கொண்டு முறத்துக்குத் திரும்பினாள்.

இந்தக் கதை ஊரில் பரவி, வெளுத்த கதர் ஜிப்பா போட்ட பெரியவர் ஒருவர் அவளைப் பார்க்க மண்டிக்கே வந்துவிட்டார். அகிம்சை எவ்வளவு பெரிய ஆயுதம், ஏழைகள் பொறுமையைக் கைவிடக் கூடாது, கோபம் நம்மையே அழிக்கும் என்று வாசலில் நின்றபடி நெடுநேரம் பேசினார். அக்கா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டாள். பிறகு, "அய்யா, ரொம்ப நல்லா சொன்னீங்க. இதே பேச்ச முதலாளி ஊட்லயும் போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க. அடிக்கிற கை அங்கேர்ந்துதான் நீளுது. வாங்கிக்கிற எங்ககிட்டயே எல்லாரும் வந்து பொறுமைய சொல்றாங்க" என்றாள். பெரியவர் சிரித்துச் சமாளித்தார். முதலாளி வீட்டுக்கு அவர் போனதாகத் தகவல் இல்லை.

அப்படியென்றால் ஏன் கையைக் கட்டிக்கொள்கிறாய் என்று ஒரு சாப்பாட்டு வேளையில் கேட்டேன். களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்துக்கொண்டே சொன்னாள்.

"என் ஊட்டுக்காரன் என்னை அடிப்பான். குடிச்ச அன்னிக்கெல்லாம் அடிப்பான். ஒரு நாளு திருப்பி ஒண்ணு வெச்சேன். ஒண்ணே ஒண்ணுதான். அடுப்பாண்ட போய் விழுந்தான்."

"அப்பால அடிச்சாரா?"

"எங்க அடிக்கிறது? கிட்டவே வரல. சோறு போட்டா தட்டை இழுத்துக்கினு சுவரோரம் போய்க் குந்துவான்."

"நல்லதுதானக்கா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். வருசம் திரும்பறதுக்குள்ள எனக்கு ஜுரம் வந்துச்சு. கையத் தூக்க முடியல, பாயில கெடந்தேன். அன்னிக்கு வந்து அடிச்சான் பாரு. அத்தினி நாளும் சேத்து வெச்சு அடிச்சான். அவன் திருந்தல, காத்துக்கினு இருந்தான். எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது."

இதைச் சொல்லிவிட்டுக் களியைத் தின்று முடித்தாள்.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சைக்கிள் கடையில் வேலை பார்த்தான், இருபத்தைந்து வயசு. அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்துப் பையன்கள் பலருக்கு வந்த சூடு அவனுக்கும் வந்திருந்தது. அவனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து, யாரை முதலில் வெட்டினால் நிலம் உழுதவனுக்குப் போகும் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். கேலியாகச் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த அநியாயம் பொய்யில்லை. அவர்களோடு படித்த ஒருவனை, பண்ணைக்காரர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் குடித்ததற்காகப் புளியமரத்தில் கட்டி வைத்து அடித்திருந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அக்காவைத் தம்பிக்குப் பிடிக்காது. "உங்க அக்கா முதலாளிக்கு வாட்ச்மேன் வேலை பாக்குது" என்பான்.

கார்த்திகை தீபத்துக்குக் கொடியேறிய வாரம் அது. மண்டிக்கு ஒரு புது மேஸ்திரி வந்திருந்தான். பிள்ளை பெற்று மூன்று மாதமே ஆன ஒரு பெண் எங்களோடு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வருவதால், சாயங்காலம் ஆனால் பால் கட்டி ரவிக்கை நனைந்துவிடும். அன்று உதறலில் அவள் எல்லாவற்றையும் உதறிக் காட்டிய பிறகும் அவன் விடவில்லை. "இன்னா ஈரம் அங்க? பருப்ப ஊறவெச்சு எடுத்துக்கினு போறியா?" என்று கேட்டுக்கொண்டே ரவிக்கைக்குள் கையை விட்டான். அவள் கத்தக்கூட இல்லை. அப்படியே நின்றாள். வரிசையில் அவளுக்கு அடுத்தவளாக நான் நின்றேன். அக்கா பின்னாலிருந்து வருவதற்குள் அவன் கையை எடுத்துவிட்டான். அக்கா அந்தப் பெண்ணின் தோளில் தன் முந்தானையைப் போர்த்தி வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் நான்தான் சொன்னேன். நாளைக்கு அவன் கை இருக்காது என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்? அந்தக் கை தரையில் தனியாகக் கிடப்பதை நினைத்துக்கொண்டுதான் அன்று தூங்கினேன்.

மறுநாள் காலையில் மண்டிக்கு எதிரே இருந்த டீக்கடையில் தம்பி நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு கோணிப்பை. அக்கா நேராக அவனிடம் போனாள்.

"பையில இன்னா தம்பி?"

"உங்களுக்கு வேண்டாம்க்கா, நீங்க உள்ள போங்க."

"அவன் கைய எடுத்தா அவன் போவான். இன்னொரு மேஸ்திரி வருவான். ஸ்டூலு அங்கயேதான கெடக்கும்?"

"வர்றவன் பயந்துக்கினு இருப்பான்."

"எத்தினி நாளிக்கு? நீ மலையேறி ஓடிப் போற வரைக்கும். அப்பால போலீசு எங்க ஊட்டுக்குத்தான் வரும். உதைய நாங்க வாங்கணும், உதறவும் உதறணும்."

"நீங்க சொல்ற மாதிரி குந்திக்கினு இருந்தா எங்க பேரன் காலத்துலயும் ஒண்ணும் நடக்காதுக்கா."

"ஒரு நாளு குடு. இன்னிக்கு மட்டும். நடக்கலன்னா உன் இஷ்டம்."

தம்பி ஒரு நாள் கொடுத்தான், ஏதோ ஊரையே எழுதிக் கொடுத்தது போல முகத்தை வைத்துக்கொண்டு.

சாயங்காலம் மணி அடித்தது. வரிசையில் அக்கா முதலில் நின்றாள். "உதறு" என்றான் மேஸ்திரி. கையை உள்ளே செருகிக்கொண்டு, "மாட்டேன்" என்றாள். உதறாதவள் வெளியே போக முடியாது என்றான். "நாங்க எங்க போறோம்னு சொன்னோம்?" என்று சொல்லித் திரும்பி, மூட்டைகளுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்தோம். அன்று சரக்கேற்ற மெட்ராசிலிருந்து லாரி வந்து வாசலில் நின்றது. நாங்கள் உட்கார்ந்திருக்கும் வரை ஒரு மூட்டை வெளியே போகாது. மேஸ்திரி பதறிப்போய் முதலாளியைக் கூட்டிவர ஓடினான். மூட்டைக்காரர்களை விட்டு எங்களை இழுத்துப் போடுவார்கள் என்று பயந்து, நாங்கள் கேட்டை இழுத்துச் சாத்தி உள்ளே இரும்புப் பட்டையைப் போட்டோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு.

நாங்கள் யாரும் வீட்டில் சொல்லிவிட்டு வரவில்லை. பருப்புக்காக ரோட்டு முனையில் நிற்கும் பிள்ளைகள் கேட்டுக்கு வந்து பார்த்திருக்கிறார்கள். சாத்திய கேட், உள்ளே அம்மா. அழுதுகொண்டே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மண்டிக்காரன் பொம்பளைங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டான் என்று திருவிழாக் கூட்டத்தில் செய்தி பரவியது. உள்ளே எங்களுக்கு இது எதுவும் தெரியாது. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். மேஸ்திரியின் ஸ்டூலில் ஒருத்தி ஏறி உட்கார்ந்துகொண்டு, "உதறு, உதறு" என்று எங்களை அதட்டிக் காட்டினாள். பிள்ளை பெற்ற அந்தச் சின்னப் பெண்கூடச் சிரித்தாள்.

அப்போதுதான் மண்ணெண்ணெய் வாடை வந்தது.

மண்டி முற்றத்தில் மதிலை ஒட்டி மல்லாட்டைத் தோல் ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து கிடக்கும். காய்ந்த தோல். ஒரு பீடித்துண்டு போதும், மூட்டைகள், கூரை எல்லாம் சேர்ந்து போய்விடும். மதிலுக்கு வெளியிலிருந்து அதன்மேல் மண்ணெண்ணெய் வந்து விழுந்தது. "கேட்டைத் தொறடா! தொறக்கலன்னா கொளுத்திடுவோம்!" என்று முதலாளி பெயரைச் சொல்லிக் கத்தியது என் தம்பியின் குரல். முதலாளி உள்ளே இருப்பதாக நினைத்துக் கத்துகிறான். நாங்கள் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை. வெளியே அவ்வளவு கூச்சல்.

அக்கா எழுந்து பட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, கையைச் செருகிக்கொண்டு வெளியே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். தம்பி ஒரு கையில் அரிவாள், ஒரு கையில் தீப்பெட்டியோடு நின்றான். அக்குளிலிருந்து அந்தக் கை வெளியே வந்ததை நான் பார்த்தேன். ஒரே அறை. அவன் சுருண்டு கீழே விழுந்தான், அரிவாள் மண்ணில் விழுந்தது.

"உள்ள யாரு கீறாங்கன்னு பாத்தியாடா? கொளுத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவ எட்டிப் பாத்தியா?" என்றாள். குரல் நடுங்கியது. அவள் குரல் நடுங்கி நான் கேட்டது அன்று மட்டும்தான்.

திருவிழாவுக்காக ரோட்டிலேயே நின்றிருந்த போலீஸ் ஜீப் வந்துவிட்டது. கூடவே முதலாளியும் மேஸ்திரியும். கூட்டாளிகள் இரண்டு பேரும் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டார்கள். தம்பியால் எழுந்திருக்க முடியவில்லை. அரிவாள் அவன் பக்கத்தில் கிடக்கிறது. அந்தக் காலத்தில் அரிவாளோடு பிடிபட்ட பையன் ஸ்டேஷனுக்குப் போனால் எப்படித் திரும்புவான், திரும்புவானா என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு இருந்தது அந்த ஒரு தம்பிதான். அக்கா ஜீப்பைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு அந்த அரிவாள் மேலேயே போய் உட்கார்ந்து, புடவையைச் சுற்றிலும் பரப்பிவிட்டு, கைகளைப் பழைய இடத்தில் செருகிக்கொண்டாள்.

"அருவா இருந்துது சார், இந்தப் பொம்பளைக்கு அடியிலதான் கீது" என்றான் மேஸ்திரி.

"எழுந்திரும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மாட்டேன். உதறினாத்தான் வெளிய விடுவேன்னு இவன் சொன்னான், உள்ள குந்தினோம். வெளிய வந்தா நீங்க உதறச் சொல்றீங்க. நேத்து எல்லாத்தயும் உதறிக் காட்டின பொண்ணு ரவிக்கைக்குள்ளயே இவன் கைய விட்டான். அத மொதல்ல கேளுங்க."

அதற்குள் உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் வந்து அவளைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்துவிட்டோம். பிள்ளை பெற்ற அந்தப் பெண் இன்ஸ்பெக்டருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள், நனைந்த ரவிக்கையை மறைக்காமல். எங்களைத் தொட்டுத் தூக்கப் பொம்பளைப் போலீஸ் ஒருத்தியும் அங்கே இல்லை. சுற்றிலும் தீபத்துக்கு வந்த வெளியூர்க் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. அப்போதுதான் இன்ஸ்பெக்டர் பெயரைக் கேட்டார். அவள் சொன்ன பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். அடுத்தவளைக் கேட்டார், அவளும் மல்லாட்டக்காரி. எனக்கும் அதே பெயர்தான்.

"இந்தப் பையனை யாரு அடிச்சது?"

"வழுக்கி விழுந்துட்டேன் சார்" என்றான் தம்பி, காதைப் பிடித்துக்கொண்டு.

"பொய் சொல்றான். நான்தான் அடிச்சேன். அது தப்புதான். அதுக்கு கேஸ் போடறதுன்னா போட்டுக்கோங்க" என்றாள் அக்கா.

இன்ஸ்பெக்டருக்கு அலுத்துவிட்டது. "ஊர்ல இத்தினி ஜனம் வந்து நிக்குது, எனக்கு இதான் வேலையா? பொம்பளைங்கள உதறவிட்டுத்தான் யாவாரம் பண்ணணுமாய்யா?" என்று முதலாளியிடம் எரிந்து விழுந்தார். முதலாளி லாரியைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு உதற வேண்டாம், எல்லோரும் போகட்டும் என்றார். "இன்னிக்கு மட்டும்னா நாங்க குந்தியே இருக்கோம்" என்றாள் அக்கா. இனிமேலும் வேண்டாம் என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் வழிவிட்டோம். ஜீப் போயிற்று. ஆனால் மேஸ்திரி போகாமல் நின்று முறைத்துக்கொண்டே இருந்தான், அதனால் அக்கா எழுந்திருக்கவில்லை. லாரியில் கடைசி மூட்டை ஏறி, அவனும் போன பிறகு எழுந்தபோது அவள் புடவையில் ரத்தம். அரிவாள் முனை தொடையில் இறங்கியிருந்தது. அத்தனை நேரமும் முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

தீபம் முடிந்து ஊர் காலியானதும் முதலாளி ஸ்டூலை மறுபடி போட்டுப் பார்த்தார். மறுபடி குந்தினோம். பொங்கலுக்குள் ஸ்டூல் காணாமல் போயிற்று. பிறகு மற்ற மண்டிகளிலும் ஒவ்வொன்றாக உதறல் நின்றது.

எதனால் நின்றது என்பதில் என் தம்பிக்கும் அக்காவுக்கும் கடைசி வரை சண்டைதான். "அருவாளப் பாத்துத்தான் அவன் பணிஞ்சான். நீங்க எல்லாம் சும்மா குந்தினதால இல்ல" என்பான். அவனுக்கு அந்த இடது காது பிறகு சரியாகக் கேட்கவே இல்லை. அக்காவும் வேண்டுமென்றே அந்தப் பக்கமாக நின்றுதான் பதில் சொல்வாள். அரிவாளைத் திருப்பிக் கேட்டான். "என் தொடை ரத்தத்துல பாதி குடிச்சுது, இனிமே அது என்னுது" என்று சொல்லிவிட்டாள். அதை வைத்துக் கீரை அறுத்தாள், கருவாடு வெட்டினாள்.

அவள் உட்கார்ந்ததெல்லாம் பலித்தது என்று நான் எழுதினால் அது பொய். இரண்டு வருஷம் கழித்து, தம்பியின் கூட்டாளிகளில் ஒருவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பையன் திரும்பவே இல்லை. அவன் அம்மாவோடு அக்கா ஸ்டேஷன் வாசலில் போய்க் கையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். வேலையை விட்டுவிட்டு நாள் கணக்கில் உட்கார்ந்தாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மழை வந்தது, நனைந்தார்கள். பையன் எங்கே என்று இன்று வரை யாரும் சொல்லவில்லை. "இப்ப இன்னா சொல்றீங்க அக்கா?" என்று தம்பி அழுதுகொண்டே கேட்டான். அவள் கெஞ்சவும் இல்லை, வாதாடவும் இல்லை. "பலிக்கும்னு குந்தலடா. ஊட்ல இருக்க முடியல, அங்க போய்க் குந்தினேன். நாளைக்கும் போவேன்" என்றாள். போனாள்.

எண்பதுகளின் கடைசியில் சர்க்கரை வியாதி முற்றி, ஆஸ்பத்திரியில் இறந்தாள். புருஷன் அதற்கு முன்பே போய்விட்டான், பிள்ளைகள் இல்லை. மண்டியில் கூட வேலை பார்த்த நாங்கள்தான் போய் எடுத்தோம். இறந்தவர்களின் கைக் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டுவது வழக்கம். நாங்கள் கட்டவில்லை. கை விறைப்பதற்குள் குறுக்கே மடக்கி, விரல்களை அவள் வைக்கும் இடத்தில் வைத்தோம்.

பாடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தால், கேட்டில் நின்ற காவல்காரன் குறுக்கே கையை நீட்டினான். "வார்டுல பெட்ஷீட்டு கம்மியா கீது. துணிய எடுத்து உதறிக் காட்டிட்டு எடுத்துக்கினு போங்க."

அவனுக்கு எங்கள் கதை என்ன தெரியும்? வாயில் வந்ததைச் சொன்னான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பு எரிந்தது. பாடையின் முன் பக்கம் தோள் கொடுத்திருந்த என் தம்பி அதை இன்னொருவனிடம் மாற்றிவிட்டு, முஷ்டியை மடக்கிக்கொண்டு அவன் சட்டையைப் பிடிக்கப் போனான். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு மனசும் இல்லை. அந்த நிமிஷத்தில் அவன் அடித்திருந்தால் நானும் இரண்டு வைத்திருப்பேன்.

அவன் கை பாதியில் நின்றது. திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் கைகள் இருந்த இடத்தைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எறக்குங்கடா" என்றான். பாடையைக் கேட்டுக்கு நேராகத் தரையில் இறக்கினோம். உள்ளே வந்த ஜட்கா நின்றது, வெளியே போக வந்த டாக்டர் காரும் நின்றது. நாங்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தோம். தம்பி கடைசியாக உட்கார்ந்தான், விரல்களை அக்குளுக்குள் செருகிக்கொண்டு.

"உதறமாட்டோம்" என்றேன் நான்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கார் ஹாரன் அடித்தது. காவல்காரன் எங்களைப் பார்த்தான், காரைப் பார்த்தான், உள்ளே ஓடி யாரையோ கேட்டுக்கொண்டு வந்தான். பிறகு கேட்டை அகலமாகத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். அக்காவை உதறாமல் வெளியே கொண்டுபோனோம்.